கரண்டு வடிகட்டி

இல்ல சார், அளக்க வாணாம்னு நான் எங்க சொன்னேன்? வெயிலு கொஞ்சம் எறங்கட்டும்னுதான் சொல்றேன். அந்த டேப்பக் கீழ வச்சிட்டு இந்த நெழல்ல வந்து குந்துங்க. நெலம் எங்கயும் ஓடிப்பூடாது. எங்கம்மா எனக்குக் குடுத்தது, பட்டாவும் எம்பேர்லதான் கீது. தோ, அந்தப் பனமரம் வரைக்கும்.

அதுவா? அது உப்பு இல்ல சார், கம்பெனித் தண்ணி காஞ்ச கறை. மழை வந்தா அவங்க குட்டை ரொம்பி இந்தப் பக்கம்தான் வழியும். நெல்லு வச்சா கதிரு வரும், பால் புடிக்காது. மாடுகூட வாய வைக்காது. நாங்களும் உட்டுட்டோம்.

ஆமா, அதே பெயிண்ட்டுக் கம்பெனிதான். அங்கதான் நான் பெருக்குறேன், எங்க ஊட்டுக்காரரு தண்ணி சுத்தம் பண்ற எடத்துல மோட்டாரு பாத்துக்கிறாரு. நெலத்தக் கெடுத்தவன்கிட்டயே போயி கூலிக்கு நிக்கிறியேன்னு ஊருல கேக்குறாங்க. கேக்குறவங்க வந்து எங்களுக்குச் சோறு போடுவாங்களா? கும்முடிபூண்டி முழுக்கக் கம்பெனிதான், வேலைக்குப் போறவ இது நல்லது அது கெட்டதுன்னு பாக்க முடியுமா?

தண்ணிய வடிகட்டாம ஒண்ணும் உடல சார். ஒரு வடிகட்டி முன்னாடியே இருந்துச்சி. உள்ள மெல்லிசா சவ்வு மாரி இருக்கும், அதுல தண்ணிய அழுத்தி உடுவாங்க. பெயிண்ட்டுத் தூளெல்லாம் போயி அது மேல அப்பிக்கும். காலைல கழுவுனா மத்தியானத்துக்குள்ள அடைச்சிக்கும். அடைச்சிக்கினா இன்னா பண்ணுவாங்க? வால்வத் தொறந்து அப்பிடியே குட்டையில உட்டுருவாங்க. எத்தினி பேர்கிட்ட சொல்லியாச்சி.

அப்பதான், போன வருசம் ஆடி மாசம், மெட்ராஸ்ல காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சி. சுப்ரஜான்னு பேரு. திருவள்ளூர்ல, கோயில்ல பூஜை பண்றவங்க ஊட்டுப் பொண்ணு. பீரோ உசரத்துக்கு ஒரு மிஷினு கொண்டாந்து எங்க ஊட்டுக்காரரு நிக்கிற எடத்துலயே வச்சிது. அதுலயும் சவ்வுதான். ஆனா ரெண்டு பக்கமும் தகடு வச்சி கரண்டு குடுத்துச்சி. அந்தப் பெயிண்ட்டுத் தூளு ஒண்ணொண்ணும் மைனஸாம் சார், பேட்டரியில போட்டிருக்குதே, அந்த மைனஸு. எதிருல பிளஸ்ஸு வச்சா தூளு அந்தாண்ட ஓடிப்பூடுமாம், சவ்வாண்ட வந்து ஒட்டாதாம். தண்ணி மட்டும் இந்தாண்ட வரும். நான் எங்க நம்புனேன்? தண்ணியில கரண்ட உட்டு ஆளைக் கொல்லப்போறியாம்மான்னு கேட்டேன். சிரிச்சிது.

ஆனா ஓடுச்சி சார். மத்தியானத்துல அடைக்கிறது வாரக் கணக்குல அடைக்கல. எங்க ஊட்டுக்காரரு ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணியப் புடிச்சாந்து, ஒரு தட்டுல நெல்லு வெதைச்சி அத ஊத்திப் பாத்தாரு. பச்சப் பசேல்னு வந்துச்சி. அந்தத் தட்டத் தூக்கிக்கினு தெரு முழுக்கக் காட்டினாரு, பைத்தியக்கார மனுசன். பொங்கல் வரைக்கும் தகராறு இல்லாம ஓடுனா பெரிய மிஷினே போட்டு, குட்டைய மூடிர்றோம்னு கம்பெனியில சொன்னாங்க. அடுத்த வருசம் நெல்லு வைக்கலாம்டின்னு அவரு அப்பவே வரப்பு வெட்ட ஆரம்பிச்சிட்டாரு. எனக்கும் ஆசைதான் சார், இல்லன்னு ஏன் பொய் சொல்லணும்.

ஆயுத பூஜை வந்துச்சி. அன்னிக்கி யாரு மிஷின ஓட்டுவா? அந்தப் பொண்ணு ஊட்டுல கொலு வச்சிருக்காங்கன்னு கெளம்பிச்சி. போறப்ப, கரண்ட ஆஃப் பண்ணிட்டு மூடி வச்சிருங்கண்ணே, லீவு முடிஞ்சி நான் வந்து போடறேன்னு சொல்லிச்சி. அவ்ளோதான் சொல்லிச்சி.

நீங்களே சொல்லுங்க. ஸ்ப்ரேயரோ, மோட்டாரோ, பூஜைக்கு நம்ம இன்னா பண்ணுவோம்? தண்ணிய வடிப்போம், கழுவுவோம், துருப் புடிக்காம தொடச்சி வைப்போம். அதத்தான அவரும் பண்ணாரு. மத்த மிஷினுக்கெல்லாம் ஒரு பொட்டோட சரி. இத மட்டும் தண்ணி வடிச்சி, நல்ல தண்ணியில அலசி, சவ்வ வெளிய எடுத்து வெயில்ல காயவச்சி, புதுத் துண்டால தொடச்சி மறுபடி உள்ள மாட்டுனாரு. மூடி, சந்தனம் குங்குமம் வச்சி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்கா சுத்திப் போட்டாரு. கும்புட்டுட்டு வந்து, நம்ம நெலத்துக்கும் சேத்து வேண்டிக்கினேன்னு சொன்னாரு.

அந்தச் சவ்வு காயவே கூடாதாம் சார்.

ஒரு தபா காஞ்சா அதுல கீற ஓட்டையெல்லாம் சுருங்கி மூடிக்குமாம். அப்பால எவ்ளோ ஊற வச்சாலும் தொறக்காதாம். லீவு முடிஞ்சி காலைல அந்தப் பொண்ணு வந்து மாலைய எடுத்துட்டு மூடியத் தொறந்து பாத்துச்சி. நான் அங்கதான் பெருக்கிக்கினு இருந்தேன், அவருக்கு சாயங்கால ஷிப்ட்டு. யாருக்கா தொடச்சதுன்னு கேட்டுச்சி. சொன்னேன். அப்பிடியே தரையில குந்திக்கிச்சி. கோவப்படல சார். திட்டியிருந்தாகூட எனக்குத் தேவலாம். ஈரமா வைக்கணும்னு நான்தானக்கா சொல்லாம பூட்டேன்னு அழுதுச்சி. அப்புறம், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்கன்னுச்சி. ஆபீசுல போயி, சவ்வு தாங்கலன்னு மட்டும் சொல்லிட்டு வந்துச்சி.

வேற சவ்வு வாங்கலாம்தான். காலேஜ்ல முடியாதுன்னுட்டாங்க. கம்பெனிக்காரனுக்கு எப்படா சாக்கு கெடைக்கும்னு இருந்துச்சி. மிஷின நம்பி ஒக்கார முடியாது, தண்ணிய வெயில்ல காயவைக்க இன்னொரு குட்டை வெட்டிக்கலாம்னுட்டான். குட்டைக்கு நெலம் வேணும். பக்கத்துல எது கீது? எங்குளுதுதான். நானே போயி சரின்னேன் சார், அதான் உங்கள அளக்க அனுப்பிச்சிருக்காங்க. நான் குடுக்கலன்னா நெலம் மட்டும் நல்லாயிடுமா? பழைய குட்டை வழிஞ்சி இதுலதான வரப்போவுது. வச்சிக்கினு இன்னா பண்ணச் சொல்றீங்க?

இருங்க, எழுந்திரிக்காதீங்க. தோ வர்றாரு பாருங்க, அந்த சைக்கிள்ல. உங்களுக்கு நுங்கு வாங்கியாறன்னு எளாவூரு வரைக்கும் போயிட்டாரு, நீங்க வர்றீங்கன்னு காலைலேர்ந்து கையும் ஓடல காலும் ஓடல.

சார், அவருகிட்ட குட்டைன்னு மட்டும் சொல்லிறாதீங்க. அந்தப் பொண்ணு மிஷினு மெட்ராஸுக்கு சர்வீஸுக்குப் போயிருக்குது, பெரிய மிஷினு வைக்கத்தான் நம்ம நெலத்தக் கேக்குறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அதாலதான் சந்தோசமா தலைய ஆட்டுனாரு. பள்ளம் தோண்டுறப்போ தெரியும், தெரியட்டும், இன்னிக்கி வாணாம். வந்ததும் மிஷினு எந்தப் பக்கம் சார் வருதுன்னுதான் மொதல்ல கேப்பாரு. சும்மா எங்கனா ஒரு பக்கம் கைய மட்டும் காட்டிருங்க.