மலையிலிருந்து தெரியும் பச்சை

படவேடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை, காதில் விழுந்ததுதான்.

"காட்டுப்பன்னி எங்க படுத்துகினு இருக்குதுன்னு இதுல பாத்துட்டு வேட்டைக்குப் போவலாம், மச்சான். ஆகாசத்துலேர்ந்து எடுத்த படம்," என்றார் போன்காரர்.

"பாதி வேர்க்கடலையைத் தோண்டித் தின்னுட்டுச்சுடா. மீதியாவது வூடு வந்து சேரணும்."

"தண்ணி இருக்கிற எடத்துக்குத்தான் வரும். பச்சையா எங்கனா தெரியுதா பாரு."

"எல்லாம் காஞ்சி கெடக்குது. தோ, மலையடியில ஒரே ஒரு பச்சை. பக்கத்துல கெணறு."

போன்காரர் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"டேய், இது ஒன் கடலைக் கொல்லைடா."

கடலைக்காரர் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் தொட்டில் போல ஆடிக்கொண்டு போனது. எனக்குக் கண் சொக்கியது.

"அந்த மலைல நின்னு பாத்தா," என்றார் மெதுவாக, "நானே இங்கதான்டா எறங்கி வருவேன்."