கோட்டின் இருபுறமும் பார்த்தவருக்கு

பணிநிறைவு காணும் பகுப்பாய்வுப் பிரிவின் மூத்த பொறியாளரே! அவசரம் அறியாத அன்பே! அமைதியே அணியெனக் கொண்ட எங்கள் முனிலட்சுமி அம்மையாரே! வணக்கம்.

ஓசூரின் பனிக்காலையில் சிப்காட் மதிற்சுவர்கள் மறைந்து, ஊரே ஒரே பரப்பாக மிதக்கும். அப்போதெல்லாம் சன்னலோரம் நின்று, "பாருங்க, நம்ம வேலைய பனியே செஞ்சு முடிச்சிருச்சு" என்பீர்கள்.

நம் வேலை அதுதானே! கணினி வரைபடத்தில் ஒரு பாகம் கிழிந்த தாள்போல, மெல்லிய துண்டுப் பரப்புகளாக வந்து சேரும். அப்படியே மெஷ் போட்டால், அதாவது சிறுசிறு கட்டங்களாகப் பிரித்தால், அந்தக் கட்டங்கள் கிழிசல்தோறும் நெரிந்து நசுங்கும், கணக்கு கெடும். அடுத்தடுத்த பரப்புகளை இணைத்து, இடைக்கோட்டை அழித்தால், கட்டங்கள் ஓடைநீராய்ப் பரவும். அந்தக் கலையில் தங்களுக்கு நிகர் தாங்களே! ஆயினும் இன்று நாங்கள் போற்றுவது, தாங்கள் தவறாக அழித்த ஒரு கோட்டினை.

ஸ்கூட்டரில் பின்னால் அமர்பவர் கால்வைக்கும் தாங்கி அது. கணினி காட்டிய முடிவில் எங்கும் நீலம், ஆபத்தே இல்லை. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். மறுநாள் தாங்கிக்கான அச்சு வெட்டத் தொடங்குவார்கள். அந்த வாரமே தங்கள் பதவி உயர்வு. அன்று மாலை பாகலூர் சாலை சிக்னலில், முன்னால் நின்ற ஸ்கூட்டரில் ஒரு கர்ப்பிணி, தாங்கியில் கால் ஊன்றி எழுந்து புடவையைச் சரிசெய்தார். கணக்கை மறுபடி பார்க்கத் தாங்கள் அலுவலகத்துக்கே வண்டியைத் திருப்பினீர்கள்.

அழித்த கோட்டுக்கு ஒருபுறம் தடித்த தகடு, மறுபுறம் மெல்லிய தகடு. ஒன்றாக்கியதும் முழுவதையும் தடித்ததாகவே கணினி எண்ணிவிட்டது. கோட்டை மீட்டதும் அதே இடத்தில் சிவப்பு: தாங்கி உடையும்.

"நான் ஒண்ணாக்குனது கம்ப்யூட்டருக்குத் தெரியும் சார். தகட்டுக்குத் தெரியாதுங்களே" என்றீர்கள் மேலாளரிடம்.

"ஏம்மா, இத அடுத்த வாரம் சொல்லக் கூடாதா?" என்று தலையில் கைவைத்தார் மேலாளர்.

"அதுக்குள்ள அச்சு வெட்டிருவாங்க சார்."

வாடிக்கையாளரிடமும் தாங்களே சொன்னீர்கள். தாங்கி திருந்தியது, பதவி வேறொருவருக்குப் போனது. அந்த அசோக்குமார் இதோ, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அன்றுமுதல் நம் பிரிவில் ஒரு வழக்கம். எந்தக் கோட்டையும் அழிக்குமுன் மவுசிலிருந்து கையெடுத்து, பேசாமல் இருபுறமும் பார்ப்போம். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், அத்தனை பேரும் சும்மா இருப்பதைக் கண்டு, சர்வர் போய்விட்டதோ என்று கன்னடத்தில் பதறிவிட்டார்: "ஏன் மேடம், சர்வர் ஹோய்த்தா?"

"இல்லா சார், யோசனெ" என்றீர்கள். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு மௌனமானார்.

அம்மையீர்! நோய் அணுகாமல், நடை தளராமல், நிதானமான காலைகள் பல கண்டு நெடிது வாழ்க!

இந்த மடலை எழுதுமுன்னும் கையெடுத்துப் பார்த்தோம். நாளைமுதல் ஓய்வு என்னும் கோடு நடுவே கிடக்கிறது. அந்தப்புறம் கிருஷ்ணகிரி வீடும் மாம்பூ வாசமும் தாங்களும், இந்தப்புறம் நாங்கள். வெகுநேரம் பேசாமல் பார்த்தோம். இருபுறமும் தடிப்பு ஒன்றுதான், அம்மா.

அழித்துவிட்டோம்.

என்றும் தங்கள்,
பகுப்பாய்வுப் பிரிவினர்
ஓசூர்