ஒரு நொடிக்கு இருபத்து நான்கு நாள்

மதியம் மூன்று பத்து. ஆளே இல்லாத புறவழிச்சாலை. கூரை பெயர்ந்த ஒரு பஸ் நிறுத்தம்...

என்ன, சிரிப்பா? பேய் வர இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

என்னோடு வேலை செய்கிற எடிட்டருடைய மாமா மகள். ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். வாய் ஓயாது. வீடியோ கலை, குறும்பட உத்திகள்... இதுதான் அவளுடைய ஆய்வு. அதற்காக ஒரு படம் எடுக்க ஆரம்பித்தாள். அதே இடம், அதே நேரம், தினம் ஒரே ஒரு பிரேம். எல்லாவற்றையும் கோத்து ஓட்ட வேண்டும். ஒரு நொடி ஓட இருபத்து நான்கு பிரேம். அதாவது இருபத்து நான்கு நாள்.

"வருஷம் பூரா எடுத்தாலும் பதினஞ்சு செகண்டா? அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேனேம்மா" என்றார் பேராசிரியர். அவள் சிரிக்கவில்லை.

ஏன் அந்த இடம் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. எடிட்டருக்குத் தெரியும். முந்தைய வருடம் அவள் அம்மா அங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றாள். இவள் ஸ்கூட்டரில் போய்க் கூட்டி வர வேண்டும். கல்லூரியில் எடிட்டிங்கில் மூழ்கிக் கிடந்தாள். "அஞ்சே நிமிஷம்மா, வந்துட்டேன்" என்று போனில் சொன்னாள். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. மூன்று பத்துக்கு... ஒரு லாரி.

நான்கு மாதம் எடுத்தாள். உருகிய தார் வாசனை. 'டக்'கென்று ஒரே சத்தம். திரும்பிவிடுவாள். ஒவ்வொரு படத்திலும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு கறை. லென்ஸைத் துடைத்தாள், மாற்றினாள். போகவில்லை.

கோத்து ஓட்டினாள். ஐந்து நொடி.

கறை இல்லை அது. ஒரு பெண். புடவைத் தலைப்பு காற்றில் ஆடுகிறது. கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்க்கிறாள். யாருக்கோ காத்திருக்கிறாள்.

எடிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரைக்கு நெருங்கிக் குனிந்து பார்த்தார். அத்தைதான்.

"இன்னும் நிக்கிறாங்க அத்தான்" என்றாள். "அவங்களுக்கு இன்னும் அந்த அஞ்சு நிமிஷமே முடியல."

மறுநாளிலிருந்து கேமராவை டைமரில் வைத்துவிட்டு அவளும் போய் அந்தக் கறை விழும் இடத்துக்கு எதிரே நின்றாள். ஒரு நாள் நின்றால் அம்மாவுக்கு அது கண்ணிமைப்பில் பாதிகூட இல்லை. அம்மா கண்ணில் ஒரு நொடி படவே இருபத்து நான்கு நாள் நிற்க வேண்டும். அதே சட்டை, அதே நிற்பு. மழையிலும் நின்றாள். காய்ச்சலிலும் நின்றாள். கல்லூரியில் பெயரை நீக்கிவிட்டார்கள். அவள் அப்பா, அரசு அலுவலகத்தில் தட்டச்சர், சாலை ஓரத்துக்கே வந்து கெஞ்சினார்.

"போனவ போயிட்டாம்மா. நீயாவது இரு. எனக்கு வேற யாரு இருக்கா?"

"திரும்பிப் பார்க்கப் போறாங்கப்பா. கொஞ்சம் பொறுங்க."

பொய் இல்லை. தினமும் ஓட்டிப் பார்ப்பாள். தலை ஒரு நூல் அளவு... இன்னொரு நூல் அளவு... திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அவள் நிற்க ஆரம்பித்த ஐந்தாவது மாதக் கடைசியில் முழுவதும் திரும்பியது. அம்மா அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

ஒரு நொடி பார்த்தாள். தெருவில் எதிர்ப்படும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இருபத்து நான்கு நாள் அந்தப் பார்வைக்கு எதிரே நின்றிருக்கிறாள் அந்தப் பெண். அடையாளம் தெரியவில்லை அம்மாவுக்கு.

அம்மா முகம் திருப்பியதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். பேச்சு இல்லை. அசைவு இல்லை. கண் மட்டும் திறந்திருக்கும். டாக்டர்கள் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அப்பா கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினார். உடம்பு தேறுகிறதா என்று டாக்டரிடம் காட்டுவதற்காகத் தினம் காலையில் கட்டில் காலடியில் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தார். மூன்று மாதம் கடந்தது. தொண்ணூற்றாறு படம்.

போன வாரம் எடிட்டர் அவரைப் பார்க்கப் போயிருக்கிறார். "இவகிட்ட ஏதாவது மாத்தம் தெரியுதா பாருப்பா" என்று போனைக் கையில் கொடுத்தாராம் மாமா. ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாம் ஒரே மாதிரிதான். பழக்கதோஷம்... கோத்து ஓட்டிவிட்டார்.

நான்கு நொடி.

சில்வண்டு கண்ணைச் சிமிட்டுகிறாள். வாசல் பக்கம் பார்க்கிறாள். உதடு படபடவென்று அசைகிறது, யாரிடமோ நிறுத்தாமல் பேசுகிறாள். பிறகு சுவர் ஓரமாக நகர்ந்து இடம் விடுகிறாள்.

அந்த இடத்தில்... மெத்தை மெல்ல அமுங்குகிறது.