பதினோராம் எண்ணின் ஒலி

கழுத்து வலிக்கிறது, இன்ஸ்பெக்டர். உங்கள் மேசை மிகவும் தாழ்வு. எங்கள் பட்டறையில் மேசை நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். முழங்கைகளை அதன்மேல் ஊன்றிவிட்டால் தலை தானாக நிற்கும். இங்கே குனிந்தே பேச வேண்டியிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. இது எழுதுகிறவர்களுக்காகச் செய்த மேசை.

முதலில் ஒன்றைச் சரிசெய்துகொள்வோம். உங்கள் தாளில் 'திருட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நான் இந்த ஜூ பள்ளத்தாக்கிலேயே பிறந்தவன். அப்பா ரிசூ காட்டில் ஸ்ப்ரூஸ் மரம் வெட்டினார். பதினாறு வயதுவரை நானும் வெட்டினேன், வெட்டியதைக் குதிரையோடு சேர்ந்து இழுத்தேன். குளிர்காலத்தில் விரல் வெடித்து ரத்தம் கோடரிப் பிடியில் உறைந்துவிடும், கையை எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். பட்டறைக்கு வருகிற பத்திரிகைக்காரர்கள் என் கையைப் படம் எடுத்து 'கலைஞனின் கை' என்று போடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கடிகார வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், உட்கார்ந்து செய்யலாம்.

எங்கள் நிறுவனத்துக்கு இந்த வருடம் நூற்றைம்பது வயது. அதற்காக இருபத்தைந்தே இருபத்தைந்து கைக்கடிகாரங்கள் செய்தோம். ஒவ்வொன்றையும் ஒரே ஆள் முதல் திருகிலிருந்து கடைசித் திருகுவரை தனியாகப் பூட்ட வேண்டும். பூட்டி, ஓடவிட்டுப் பார்த்து, முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் கையால் மெருகேற்றி மறுபடியும் பூட்ட வேண்டும். பதினோராம் எண் என்னுடையது. ஒன்றரை வருட வேலை.

நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், உறைக்குள் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஆனால் வெளியே தெரிவதைத்தான் பார்த்திருப்பீர்கள். சிவந்த தங்கம், வெள்ளை எனாமல் முகம், கீழே ஒரு சின்ன நிலா. அதற்கு மாதத்தில் எத்தனை நாள் என்று தெரியும், எந்த பிப்ரவரியில் ஒரு நாள் கூடும் என்றும் தெரியும். 2100ஆம் வருடம் வரை யாரும் அதைத் திருத்த வேண்டாம். ஆனால் இவையெல்லாம் சக்கரங்கள் செய்கிற வேலை. பொறுமை உள்ள எவனும் அதைச் செய்துவிடலாம். கஷ்டம் ஒலியில்தான். பக்கவாட்டில் ஒரு தள்ளுகட்டை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இரண்டு சுத்திகள் இரண்டு எஃகுக் கம்பிகளை அடித்து மணி, கால்மணி, நிமிஷம் எல்லாவற்றையும் இருட்டில்கூடச் சொல்லும். அந்தக் கம்பியின் அடியை அரத்தால் தேய்த்துத்தான் சுதி சேர்க்கிறோம். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் கம்பி செத்துப்போகும். செத்ததை எழுப்ப வழி கிடையாது.

ஒலி தயாரானதும் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்ப்ரூஸ் பலகையைச் சுற்றி உட்காருவோம், கண்ணை மூடிக்கொள்வோம். மதாம் ஓபேர், எங்கள் தலைவி, கடிகாரத்தைப் பலகையில் வைத்துத் தள்ளுவார். நன்றாக இருந்தால் ஒருவரும் பேச மாட்டோம், எழுந்துபோய் அவரவர் வேலையைப் பார்ப்போம். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களிடம் கிடையாது. சரியில்லை என்றால் யாராவது இருமுவார்கள். ஒரே ஒரு இருமல் போதும். ஏன் இருமினாய் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

பதினோராம் எண்ணுக்கு லூசியான் வாந்தெல் இருமினான்.

லூசியான் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன், பிரெஞ்சுக்காரன். தினம் காலையில் வருவான், மாலையில் போவான். அப்படி வருகிறவர்களை நாங்கள் எல்லைக்காரர்கள் என்போம். பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் கடிகாரம் வந்து பாதிப் பட்டறைகள் மூடியபோது வேலை இழந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். மறுபடி வேலை வந்தபோது பாதி நாற்காலியில் எல்லைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மதாம் ஓபேர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஜெதெயோன், அத லூசியான்கிட்ட குடுத்துடு. அவன் பாக்கட்டும்."

"என்ன சரியில்லன்னு சொன்னா நானே பாத்துக்குறேன், மதாம்."

"குடுத்துடுன்னேன்."

கொடுத்தேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவன் ரொட்டியில் வாஷெரன் பாலாடைக்கட்டியை வழித்துக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிக்காதடா. பிரெஞ்சுக்காரன் கை பட்டா எல்லாம் அழகாயிடும்."

"தினம் பாஸ்போர்ட்டக் காட்டிட்டுக் கூலிக்கு வர்றவன்தான நீ?"

"ஆமா. சம்பளம் ஒங்க ஊர்ல, சாப்பாடு எங்க ஊர்ல. அதான் எனக்கு வயிறு இருக்கு, ஒனக்கு எலும்பு மட்டும் இருக்கு."

மேசையே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள்.

சில நாள் கழித்து அவன் கடிகாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். மறுபடி பலகையைச் சுற்றி உட்கார்ந்தோம். மதாம் தள்ளினார். யாரும் இருமவில்லை. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, இன்ஸ்பெக்டர். அதுதான் என்னைத் தின்றது. ஒன்று என் காது போயிருக்க வேண்டும், அல்லது அவர்களுடைய காது.

கடைசியாக முகத்தட்டின் அடியில் பூட்டியவன் பெயரைக் கீறுவார்கள். கடைசியாகக் கை வைத்தவன் என்று அங்கே லூசியானின் பெயர் போனது. நூற்றைம்பதாம் ஆண்டு விழா நாளில் தேவாலயத்தில் அந்தப் பெயரைத்தான் வாசிப்பார்கள். வாங்குகிறவரிடம் கொடுப்பதற்கு முன்னால் பூட்டியவன் அதை ஒரு வாரம் தன் கையில் கட்டிக்கொண்டு நடமாட வேண்டும் என்பதும் நிறுவனத்தின் பழைய விதி. மனித உடம்போடு பழகாத கடிகாரத்தை விற்பதில்லை. ஆக என்னுடைய ஒன்றரை வருடத்தை அவன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை பட்டறை அரைநாள்தான். பனி கொட்டி மலைச்சாலை அடைத்திருந்தது. அந்த மாதிரி நாளில் அவன் ரிசூ காட்டைக் குறுக்கே கடந்து ஸ்கீ பலகைகளில் சறுக்கி வீட்டுக்குப் போவான். எனக்கு அந்தக் காட்டில் விறகு எடுக்கும் உரிமை உண்டு. சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நானும் போனேன். அவனைப் பின்தொடர்ந்து போகவில்லை. விறகுக்குத்தான் போனேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இது உண்மை.

பனி விழுந்து முடிந்த காட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியில் ஒரு மணி அடித்தது. மூன்று பெரிய அடி, பிறகு ஒரு கால்மணி, பிறகு சில நிமிஷங்கள். எந்தக் கடிகாரம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் வந்த திசையில் நடந்தேன்.

ஒரு பள்ளத்தில் மல்லாந்து கிடந்தான். ஒரு ஸ்கீ உடைந்திருந்தது. இடது கால் மூட்டுக்குக் கீழே, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, அதனால் கடிகாரத்தை அடித்துக்கொண்டிருந்தான்.

"ஜெதெயோனா? கடவுள் இருக்காருடா. வண்டி வேற கொண்டாந்திருக்க. வா, தூக்கு."

வண்டி காலியாகத்தான் இருந்தது. அங்கிருந்து வனக்காவலர் வீடு தூரமில்லை, இறக்கம்தான். மரத்தை அப்படித்தான் எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறேன்.

"ஏன்டா நிக்கிற?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஓ. அதுவா. டேய், அன்னைக்கு எனக்கு நெஜமாவே சளிடா. தொண்டை அரிச்சுது, இருமிட்டேன். அவ்ளோதான்."

"சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட? அந்தம்மா ஒடனே ஒங்கிட்டேருந்து வாங்கி எங்கிட்ட நீட்டுறாங்க. விழா முடிஞ்சா எல்லைக்காரங்கள்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. நீட்டுனத வாங்கிக்கிட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைங்கடா."

"கம்பிய என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. தொடவே இல்ல. சும்மா வச்சிருந்தேன், திருப்பிக் குடுத்தேன். அது ஒன் சத்தம்தான். போதுமா? கால் மரத்துப்போச்சுடா, தூக்கு."

கோபம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். வரவில்லை. நிம்மதி வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு நெஞ்சில் இருந்த கல்லை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. என் காது போகவில்லை. கடிகாரம் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது. அதை அப்படித் தெரிந்துகொண்டு ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. யாருக்கும் தோன்றும்.

"அடிச்சுக் காட்டு" என்றேன்.

"என்னது?"

"அடி. கேக்கணும்."

என்னைச் சில நொடி பார்த்தான். பிறகு கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுக் கட்டையைத் தள்ளினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டறையில் எவ்வளவு அமைதி என்றாலும் குழாயில் வெந்நீர் ஓடும், யாராவது மூச்சு விடுவார்கள். அங்கே எதுவும் இல்லை. அந்தக் கம்பி அப்படிப் பாடி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது கம்பியின் நாதம் அடங்குவதற்குள் முதல் கம்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்துக்காகத்தான் நான் ஒரு குளிர்காலம் முழுக்கத் தேய்த்தேன்.

"இன்னொரு தடவ."

"ஜெதெயோன். மன்னிச்சுடுடா. மதாம்கிட்ட நானே சொல்றேன். பேர மாத்திடலாம்."

"அது அப்புறம். இப்ப அடி."

அடித்தான். ஒவ்வொரு தடவையும் அடித்தால் தூக்குவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் அப்படி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. நடுவில் அழுதான், திட்டினான், என் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னான், பிறகு அமைதியாக அடித்தான். எவ்வளவு நேரம் நின்றாய் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கடிகாரமே சொன்னது. நான் முதலில் கேட்டபோது மூன்று சொன்னது, கடைசியில் ஐந்தரை சொன்னது. அதற்குப் பிறகு அவன் விரல் கட்டையைத் தள்ளவில்லை.

இத்தனை நேரமும் நான் ஒரு தடவைகூட இருமவில்லை. குளிரில் தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன். அவ்வளவு மரியாதையை அந்தக் கடிகாரத்துக்கு யாரும் கொடுத்ததில்லை.

பிறகு அதை அவன் கையிலிருந்து கழற்றினேன். உறைபனியில் விட்டுவிட்டால் எண்ணெய் கெட்டியாகிவிடும். திங்கட்கிழமை காலை சாவி கொடுத்து மதாம் ஓபேரின் மேசையில் நானே வைத்தேன். திருடன் அப்படிச் செய்வானா? அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அவனைக் கண்டுபிடித்திருந்தார்கள். மதாம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்தேன். ஓடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கழற்றியபோது அவனுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. வாயிலிருந்து புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. கண்ணும் திறந்திருந்தது.

அதில் ஒரு விஷயம் மட்டும் என் மனதை உறுத்துகிறது. கடிகாரத்தைச் சும்மா பையில் போட முடியாது, கண்ணாடியில் கீறல் விழும். சுற்றுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் தலையில் இருந்த கம்பளித் தொப்பியை எடுத்துத்தான் சுற்றினேன். அவன் மனைவி கையால் பின்னியது, நீலம். துவைத்து அடுப்படியில் காயப் போட்டிருக்கிறேன். அடுத்தவர் பொருளை நான் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் ஒரு தொப்பி கடன்பட்டிருக்கிறேன்.