வெள்ளி இலைப் பாத்தி

— நத்தையாவது, கடிக்கிறதாவது! இந்த வெள்ளி இலை பூரா சுணை, மெத்துமெத்துன்னு முடி. நத்தை கிட்டவே வராது. வேற ஏதாவது சொல்லு.

— அப்போ தண்ணி ஜாஸ்தியாகி அழுகியிருக்கும் அத்தை.

— அழுகினா கறுத்துப் போய்க் கொழகொழன்னு கிடக்கும், கேட்டியா. இதைப் பாரு, காம்பு பச்சையா நிக்குது. நீயும் நானும் சேர்ந்து வெச்ச பாத்தி இது. நீ கல்யாணமாகி வந்த மாசம். கம்பளி விரிச்ச மாதிரி இருந்துச்சு. யாரோ நகத்தால கிள்ளியிருக்காங்க.

— எனக்குத் தெரியாது.

— சரி, தெரியாது. கையில எதுக்கு மண் கொத்தி?

— சும்மாதான். ஒரு தூர் பிரிச்சு எடுக்கலாம்னு. எதிர் வீட்டு டீச்சர் கேட்டாங்க.

— எதிர் வீட்டுக்குப் போகத்தான் அவ்வளவு பெரிய பையைக் கட்டி வெச்சிருக்கியா? பீரோவைப் பார்த்தேன். உன் துணி ஒண்ணு கூட இல்லை.

— அத்தை...

— எங்கே கிளம்பிட்டே?

— அக்கா வீட்டுக்கு.

— அவன்கிட்ட சொல்லிட்டியா?

— சொன்னா உங்க புள்ளை விட்டுடுவாரா?

— இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை வேற. சட்டைக் கையை மேல தூக்கு.

— வேண்டாம் அத்தை.

— தூக்குன்னு சொல்றேன்ல. ... அடப்பாவி! இப்படிக் கன்னிப் போயிருக்கே, எப்போ அடிச்சான்?

— முந்தாநாள். சாம்பல் நிறச் சட்டைக்கு இஸ்திரி போடலைன்னு. அதுக்கு முன்னாடி எதுக்குன்னு எனக்கே ஞாபகமில்லை. இலையை ஈரம் பண்ணி மேல வெச்சா கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும். அதான் கிள்ளினேன். போதுமா?

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொல்லி? உங்க கண்ணு முன்னாடிதானே தட்டைத் தூக்கி என் மேல வீசினார். நீங்க என்ன பண்ணீங்க? டிவி சத்தத்தைக் கூட்டினீங்க. அன்னைக்கு அவரை விட உங்க மேலதான் எனக்கு ஆத்திரம்.

— கூட்டினேன்தான். இல்லைன்னு சொல்லலை.

— இப்போ போன் பண்ணுங்க. உன் பொண்டாட்டி ஓடப் பார்க்கிறாள்னு சொல்லுங்க. பண்ணுங்களேன்!

— கத்தாதே. போனை உள்ளேயே வெச்சுட்டு வந்துட்டேன். அவன் வர ஆறு மணி ஆகும். நீ அஞ்சு மணி பஸ்ஸைப் பிடி.

— என்ன சொல்றீங்க?

— கிளம்புன்னு சொல்றேன். தூரை வேரோட எடு. இந்தா பேப்பர், நனைச்சுச் சுத்து. அங்கே போய் வெயில் படற இடமா நடு. பூத்தண்டு வந்தா வெட்டி விட்டுடு, அப்பத்தான் இலை நல்லா அடர்த்தியா வரும். திரும்பி மட்டும் வந்துடாதே. அழுதுக்கிட்டே போன் பண்ணுவான், கால்ல விழுவான். வராதே.

— அத்தை, நான்...

— அழறதெல்லாம் பஸ்ல ஏறினப்புறம். அந்தச் சுவர் ஓரத்துல எடு, ஆழமா கொத்து.

— அங்கே வெறும் தூர்தான் நிக்குது. ஒரு இலை கூட இல்லையே.

— வேர் இருந்தா துளிர்க்கும். எடு.

— நான் அந்தப் பக்கம் கையே வெக்கலை அத்தை. குழாய்ப் பக்கம்தான் நாலு இலை, அஞ்சு இலை கிள்ளினேன்.

— மணி என்ன ஆச்சு பாரு.

— அது உங்க ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே. அத்தை, அங்கே யாரு கிள்ளினா?

— பஸ் போயிடும்மா.

— என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— நான்தான். உன்னை அடிக்காத நாள்ல எல்லாம் அவன் என்னைத்தானே அடிக்கிறான்.