ஓடத் தெரிந்த அப்பன்

பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். தியேட்டரில் படம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மகனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

“அந்த அப்பன அவன் அடிச்சிருக்கணும்,” என்றார் அப்பா.

“யாரு, படத்துலயா?”

“பின்ன? தான் ஜெயிக்காத ஓட்டப்பந்தயத்த மகன் ஜெயிக்கணுமாம். விசில ஊதிக்கிட்டே பின்னால வாறான். கடைசியில அந்தப் பய அப்பன் கால்லயே விழுந்து அழுவுறான். வெக்கங்கெட்ட படம்.”

“நீங்க என்னய மூணு தரம் டீச்சர் பரீட்சை எழுத வெச்சீங்களே.”

“அது வேற. உன் நல்லதுக்கு.”

“படத்துல அந்த அப்பனும் அதத்தான் சொன்னான். அவனுக்காவது ஓடத் தெரியும். நீங்க எந்தப் பரீட்சை எழுதுனீங்க?”

“எங்கப்பா விடல,” என்றார் அப்பா. “பரீட்சை அன்னைக்குக் காலையில தோட்டத்துல தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டக் கூட்டிட்டுப் போயிட்டாரு.”

“அதுக்கு என்னய ஏன்ப்பா சாவடிக்கிறீங்க? நாலாந்தரம் நான் எழுத மாட்டேன்.”

“எழுதாம என்னத்தக் கிழிக்கப் போற?” கேலியாகத்தான் கேட்டார்.

“பண்டாரவளையில வண்டி பழுது பாக்குற ஒரு கராஜ்ல வேல கேட்டிருந்தேன். திங்கக்கிழம வரச் சொல்லிட்டாங்க. என்ன செய்யப் போறன்னு நீங்க கேப்பீங்களான்னு ரெண்டு வருசமா பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பண்டாரவளையில் பஸ் நின்றபோது, அப்பா மகனைத் தாண்டி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“எந்தக் கராஜ், காட்டு,” என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.