முதலாளிக்கு எந்த கிரேடு

பெருமாநல்லூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் கட்டிங் மாஸ்டரும் சூப்பர்வைசரும் பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடும் கம்பெனி பூல் போட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளிய இந்த வருசமாச்சும் சி கிரேடுல போட்டுரலாமுங்க மாஸ்டர்" என்றார் சூப்பர்வைசர்.

மாஸ்டர் பேனாவை மூடினார். "டெய்லருக்குப் போடறாப்புல கிரேடு போடலாம்னு சொன்னதே நீங்கதானுங்க. நல்லா ஆடற ஏ கிரேடு ஒரு மேட்சுல அஞ்சு கேம் ஜெயிக்கோணும், சி கிரேடுக்கு மூணு போதும்."

"அது சரிதானுங்க. மரியாதைக்குன்னு அவர ஏ-ல போட்டதுதான் தப்பு. போன வருசம் மொதல்ல மூணு கேம் ஜெயிச்சது அவருதான். அவரு அஞ்சத் தொடறதுக்குள்ள சி-ல இருந்த பேக்கிங் ஆளு மூணு ஜெயிச்சு, அவர வெளிய அனுப்பிட்டாரு."

"அவரு ரூமுக்குள்ள போய்ப் பாத்தீங்களா? ஏ கிரேடுல அவரு பேரு இருக்கற போன வருச லிஸ்ட்ட லேமினேட் பண்ணி செவுத்துல மாட்டியிருக்காருங்க."

சூப்பர்வைசர் மாஸ்டரின் பேனாவை வாங்கித் திறந்து கொடுத்தார்.

"ஏ-லயே போடுங்க."